ரெண்டு தட்டும் ஏழு செருப்பும்

எங்கட சங்கத்து மலருக்கு ஓய்வு பெற்ற தொழிலாளி ஒருத்தர்ட அனுபவம் வேணுமாம். பஸ் ஸ்டாண்ட் முழுக்கத் தேடிப் பாத்திருக்காங்க. கொண்டக்டர்மாரில ஓய்வு பெற்றவன் எவனும் இல்ல. ஒண்டு றைவராகிருவான், இல்லாட்டி கட்டாருக்குப் பறந்திருவான். முறையாச் சொல்லி, வடையும் பிளேன்ரீயும் குடுத்து அனுப்பி வச்ச ஒரே ஆள் நான்தான். வயசு இருபத்தேழு. முழங்கால் நல்லா இரிக்கு, பல்லு முப்பத்திரெண்டும் இரிக்கு, பென்சன் மட்டும் இன்னும் வரல்ல.

என்னைக் கிளப்பி விட்டது சுதன். நான் விட்டுட்டு வந்த கரடியனாத்து பஸ்ஸில இப்ப அவன்தான் கொண்டக்டர். முதலாளி புது பஸ் எடுத்திருக்கார். கதவு தானாப் பூட்டும். றைவர் பொத்தான அமத்தினாச் சரி, கொண்டக்டர் தொங்கவும் தேவல்ல, தகரத்தில தட்டவும் தேவல்ல. அவன் வந்து கேக்கிறான்: "அண்ணே, கதவு பூட்டின பிறகும் கனகண்ணன் கண்ணாடியப் பாத்துக்கொண்டே நிக்கிறார். பாத்து முடிச்சுத்தான் எடுக்கிறார். அந்தாளுக்கு என்ன வருத்தம்? உங்கட காலத்திலயும் இப்பிடித்தானா?"

உங்கட காலமாம். அவனுக்கு இருபத்தொண்டு, எனக்கு இருபத்தேழு. இரிடா மனே, எழுதிறன். நீயும் இந்தக் கதையில வாறாய். வரக்குள்ள சொல்றன்.

பயிற்சி எண்டு பெரிசா ஒண்டுமில்ல. ஒம்பதாம் வகுப்பில பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு தட்டுத் தட்டினன், அது போயிட்டு, நான் நிண்டுட்டன். கொஞ்ச நாள் மேசனுக்குக் கல்லுத் தூக்கினன். பதினெட்டு வயசில மட்டக்களப்பு கரடியனாறு பஸ்ஸில ஏறினன். முதல் நாள் தொங்கப் பழகினன், ரெண்டாம் நாள் விழப் பழகினன், மூண்டாம் நாள் விழாமத் தொங்கப் பழகினன். பயிற்சி முடிஞ்சுது.

தொழில் நுட்பம் மூண்டே மூண்டுதான். பஸ்ஸுட தகரத்தில உள்ளங்கையால ஒரு தட்டு எண்டா நிப்பாட்டு. ரெண்டு தட்டு எண்டா எடு. மூண்டு தட்டு எண்டா பின்னால அடுத்த பஸ் வாறான், மிதி. இந்த மூண்டையும் வச்சுத்தான் எட்டு வருசம் தொழில் செஞ்சன்.

என்ட மேலதிகாரி கனகண்ணன். பேர் கனகசபை, வயசு அம்பது, மூண்டு பொம்பிளப் பிள்ளைகள், அதுக்கு மேல ஒரு வயிறு. பஸ் எடுக்க முதல் முன் சில்லுக்கு ஒரு கோப்பை தண்ணி ஊத்துவார். ஸ்டியரிங்க மூண்டு தரம் தொட்டுக் கும்பிடுவார். இடப்பக்கக் கண்ணாடியில அம்மாள்ட படம் ஒட்டியிரிக்கும், அதுக்கு ஒரு பூமாலை போடுவார். அம்மாளும் மாலையும் போக மிச்சம் கண்ணாடி உள்ளங்கையளவும் வராது. அதில பாக்கிறதெண்டா காக்காக்கண் வேணும்.

"அண்ணே, கண்ணாடி தெரியுதா?" எண்டு ஒருக்காக் கேட்டன்.

"அது எதுக்கு மனே? அம்மாள் அங்க இரிக்கா, நீ இங்க இரிக்கிறாய். தட்டு, எடுப்பன்."

நான் ரெண்டு தட்டினா அந்தாள் திரும்பிப் பாக்கமாட்டார், வாய் திறக்கமாட்டார். ஸ்டியரிங்கில இரிக்கிற இடக்கைச் சுட்டுவிரல் மட்டும் ஒழும்பும். கேட்டுட்டு எண்டு அர்த்தம். பஸ் கிளம்பும். ஒரு நாளைக்கு எத்தனை தரம் அந்த விரல் ஒழும்பியிரிக்கும் எண்டு தெரியா. எனக்கு அது பாக்கிறதுக்கு ஒரு சந்தோசம். முதலாளிட சொல்லுக்குக்கூட அசையாத மனுசன், என்ட உள்ளங்கைக்கு அசையிறார்.

இதுக்குள்ள ஒரு பகிடியும் ஓடிச்சு. எங்கட பஸ்ஸில செருப்பு விட்டுட்டுப் போறது ஒரு வழக்கம். புட்போட்டில, இல்லாட்டிப் படியடியில ஒத்தைச் செருப்பு கிடக்கும். எடுத்து பின் சீட்டுக்குக் கீழ ஒரு பெட்டியில போடுவன். எட்டு வருசத்தில ஏழு சேந்திட்டு. "எங்கட ரூட்டில ஒத்தைக் கால் ஆக்கள் கூட அண்ணே" எண்டு சொல்லுவன், கனகண்ணன் வயிறு குலுங்கச் சிரிப்பார்.

போன வருசம், பெரும்போக நெல்லு வெட்டிற காலம். எங்கட ரூட்டில பஸ்ஸுகள் போட்டி போட்டு ஓடுது எண்டு சனம் முறைப்பாடு குடுத்திட்டு. எங்கள மட்டுமில்ல, எல்லாரையும்தான். ஆனா எங்கட பேர் முதல்ல இரிந்திச்சு, திறமை எண்டா அப்பிடித்தான். சங்கம் கூடி ஒரு முடிவு: ஞாயிற்றுக்கிழமை வீதிப் பாதுகாப்பு விழிப்புணர்வு சைக்கிள் ஓட்டம் ஒண்டு நடக்குது, முறைப்பாடு வந்த பஸ்ஸுட றைவரும் கொண்டக்டரும் கட்டாயம் அதில ஓடணும். ஓடாட்டி அந்த பஸ்ஸுக்கு ஒரு மாசம் காலம ஓடுற முறை இல்ல. காலம முறை போனா எங்களுக்கு ஆஸ்பத்திரிச் சனமும் இல்ல, கந்தோர் வேலைக்குப் போற சனமும் இல்ல. முதலாளி சொன்னார், "ஓடுங்க. பஸ்ஸ அண்டைக்கு வேற ஆக்கள் பாப்பாங்க." கொண்டக்டர் வேலைக்கு நான்தான் ஒரு பொடியனப் பழக்கி அனுப்பினன். ஆரெண்டு மறுகா சொல்றன்.

காலம ஆறு மணிக்குக் கல்லடிப் பாலத்தடியில நிண்டம். வாவியில வள்ளக்காரங்க வலையெடுக்கிறத விட்டுட்டு எங்களப் பாத்தாங்க. பாக்கத்தான் வேணும். கனகண்ணன் வந்தது சின்ன மகள்ட சைக்கிளில. ரோஸ் நிறம், முன்னால கூடை, கூடையில பிளாஸ்ரிக் பூ. டீசேட்டில வீதிப் பாதுகாப்பு எண்டு அடிச்சிரிக்கு, அந்தாள்ட வயித்தில வீதி நல்லா அகலமாகிட்டு, பாதுகாப்பு கக்கத்துக்க போயிட்டு.

"சிரிக்காத" எண்டார்.

"சிரிக்கல்ல அண்ணே. அம்மாள் எங்க, மாலை எங்க?"

"பொத்து வாய."

ஓட்டத்துக்குத் தலைவர் ரிஸ்வான் காக்கா. காத்தான்குடியில குஷன் கடை வச்சிரிக்கார், எங்கட பஸ்ஸுட சீட்டெல்லாம் அவர் தைச்சதுதான். அந்த மனுசன் கத்தமாட்டார், ஏசமாட்டார், ஒரே சொல்ல மூண்டு தரம் அமைதியாச் சொல்லுவார். அதுக்கு ஏச்சே மேல். நாப்பது பேரையும் ரெண்டு ரெண்டாக நிப்பாட்டி, ஆரு முன்னால, ஆரு நடுவில எண்டு பிரிச்சார். என்னைக் கடைசி ஆளாப் போட்டார். கழுத்தில ஒரு விசில்.

"தம்பி கொண்டக்டர்தானே. பின்னால நிண்டு பழக்கம். ஒரு நீட்டு ஊதினா எல்லாரும் கரையில நிக்கணும். ரெண்டு கட்டை ஊதினா போகலாம். ஊத முதல் வலப்பக்கம் கழுத்தத் திருப்பணும். தாடை தோளில முட்டணும்."

"விளங்கிச்சு காக்கா."

"தாடை தோளில முட்டணும்."

"முட்டும் காக்கா."

"தாடை தோளில."

செஞ்சு காட்டினன். கல்யாண வீட்டு வீடியோவில பொம்பிள திரும்பிறமாதிரித் திரும்பிக் காட்டினன். எல்லாரும் சிரிச்சாங்க. காக்கா சிரிக்கல்ல. கனகண்ணன் எல்லாரிலும் பைய ஓடுறதால எனக்கு முன்னால, கடைசிக்கு முதல் ஆளாப் போட்டாங்க. அப்ப சைக்கிளிலயும் நாங்க பஸ் மாதிரித்தான். அவர் முன்னால, நான் பின்னால.

ஓட்டம் தொடங்கிச்சு. கனகண்ணன்ட இடக்கால் கிளச்சத் தேடுது. ஆராவது குறுக்க வந்தா கை ஹோர்ன் அடிக்கப் போகுது, அங்க இரிக்கிறது சின்ன மணி, கிணிங் எண்டுது. தன்னாமுனையில ஒரு ஆடுகூட அந்த மணிக்கு விலகல்ல. ஏறாவூரில கடைவாசலில நிண்ட எங்கட பஸ்ஸில ஏறுற ஆக்கள் கண்டுட்டாங்க. "டேய், இண்டைக்குத்தாண்டா நீங்க மனுசன் மாதிரிப் போறீங்க!" எண்டு ஒருத்தர் கத்தினார். செங்கலடிச் சந்தியில கிறுகி, பதுளை றோட்டில ஏறினம். ரெண்டு பக்கமும் நெல்லு வட்டை, கதிர் வெட்டினதும் வெட்டாததும். வெயில் ஏறிச்சு. கனகண்ணன் மூச்சு வாங்கிறது பின்னால வாற எனக்கே கேக்குது.

"மனே, இதில செக்கன் கியர் இல்லயா?"

"மகளிட்டக் கேளுங்க அண்ணே."

கரடியனாத்துக்குக் கொஞ்சம் இங்கால, றோட்டுட இடப்பக்கம் பாதிய மறைச்சு நெல்லுக் காயப் போட்டிரிக்கு. அறுவடைக் காலத்தில இது எங்க பக்கம் வழமை. தார் றோட்டில நெல்லு கெதியாக் காயும். கரைக்குக் கல்லு அடுக்கி, அங்கங்க ஒரு கொப்பு குத்தி வச்சிருப்பாங்க. பஸ்ஸில போகக்குள்ள நாங்க கல்லுக்கு ஒரு விரல் இடம் விட்டுக் கிறுகிப் போவம். சைக்கிளில எண்டா வலப்பக்கம் போய், நெல்லச் சுத்தி, திரும்ப இடப்பக்கம் வரணும். முன்னால போன எல்லாரும் போயிட்டாங்க. மிச்சம் நாங்க ரெண்டு பேர். கனகண்ணன் நெல்லுக்கு முன்னால வந்து வேகத்தக் குறைச்சார். என்ட விசிலுக்குப் பாத்துக்கொண்டு போறார்.

நான் ஊதினன். ரெண்டு கட்டை.

தாடை தோளில முட்டல்ல. தாடை இரிந்த இடத்திலயே இரிந்திச்சு. றோட்டுக் கரையில நிண்ட ஒரு புள்ளயோட ஏதோ பகிடி கதைச்சுக்கொண்டிருந்தன், என்ன பகிடி எண்டு இப்ப ஞாபகமில்ல. ரோஸ் சைக்கிள் ஹேன்டிலில கனகண்ணன்ட இடக்கைச் சுட்டுவிரல் ஒழும்பிச்சு. சைக்கிள் வலப்பக்கம் கிறுகிச்சு.

அப்பதான் ஹோர்ன் கேட்டுது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எட்டு வருசம் அதுக்குப் பக்கத்தில தொங்கின நான். எங்கட பஸ். அந்தச் சத்தத்துக்குள்ள இன்னொரு சத்தமும் கேட்டுது: தகரத்தில மூண்டு தட்டு.

திரும்பினா பஸ் முதுகில நிக்குது. கத்த வாய் திறந்தன், விசில் விழுந்திட்டு, சத்தம் வரல்ல. கை மட்டும் தானாப் போச்சு. முன்னால இரிந்த கனகண்ணன்ட சைக்கிள் கரியரில ஓங்கி ஒரு தட்டு.

ஒரே ஒரு தட்டு.

அந்தாள் திரும்பிப் பாக்கல்ல, என்னெண்டு கேக்கல்ல. ரெண்டு பிறேக்கையும் சேத்துப் பிடிச்சார். சைக்கிள் நிண்டுது, அந்தாள் நிக்கல்ல, இடப்பக்கம் சரிஞ்சு நெல்லுக்க போய் விழுந்தார். பஸ்ஸுட காத்து என்ட தொப்பியக் கொண்டு போச்சு. புட்போட்டில தொங்கினவன், "விசரன்களா, கண் தெரியாதா!" எண்டு கத்திக்கொண்டு போறான். மறுகா எங்களக் கண்டுட்டு அவன்ட முகம் போன போக்கு! சுதன், நீதாண்டா. நீதான் அந்தப் பொடியன். மூண்டு தட்டப் பழக்கினது நான்தான், அதால உன்னைக் குறை சொல்ல ஏலா.

கனகண்ணன் நெல்லுக்க இரிக்கார். காதில நெல்லு, கழுத்தில நெல்லு, பாதுகாப்புக்குள்ளயும் நெல்லு. எனக்குப் பயத்தில சிரிப்பு வந்திட்டு. அந்தாள் சிரிக்கல்ல.

"நீ ஊதினதானே மனே?"

"ஓம் அண்ணே."

"ரெண்டு?"

"ரெண்டுதான்."

"பாத்துட்டா ஊதின?"

பொய் சொல்றது எனக்குக் கஸ்டமில்ல. நிரம்பி வழியிற பஸ்ஸில, "உள்ளுக்க இடம் இரிக்கு, போங்க" எண்டு எட்டு வருசம் சொன்ன வாய். ஆனா அந்தாள் கண்ணிமையில ஒட்டின நெல்ல எடுத்துக்கொண்டு, பாத்துக்கொண்டிருக்கார். பதில் வேணுமெண்டு இரிக்கார்.

"இல்ல அண்ணே."

"இண்டைக்கு மட்டுமா?"

நான் தாரில விழுந்த விசிலப் பொறுக்கினன்.

"எட்டு வருசம் மனே. நீ பாத்துட்டுத் தட்டிறாய் எண்டுதான் நான் எடுத்த."

"நீங்க கண்ணாடியில பாக்கிறீங்க எண்டு..."

"கண்ணாடியில அம்மாள்தானே இரிக்கா."

மறுகா அந்தாள் பையக் கேட்டார்: "நீயும் பாக்கல்ல, நானும் பாக்கல்ல. அப்ப ஆருடா பாத்த?"

"நான் பாத்தன்!"

திரும்பினா, நெல்லுக் கிண்டுற பலகையோட ஒரு மனுசி நிக்கிறா. நெல்லுக்காரி. தெய்வானையக்கா எண்டு பேர். எங்கட பஸ்ஸில வாறவதான், ஆனா நான் முகம் பாத்து ஆக்கள ஏத்திறவனில்ல.

"வீட்டு வாசலில நிண்டு பாத்துக்கொண்டுதான் இரிந்தன். கடவுளே, இது அந்த பஸ் பொடியன் எல்லோ! டேய், என்ட செருப்பு எங்கடா?"

"என்ன செருப்பு அக்கா?"

"நாலு வருசத்துக்கு முதல், இந்த இடத்திலதான் இறங்கின நான். இடக்கால் நிலத்தில, வலக்கால் பஸ்ஸுக்க. நீ அங்கால ஆரோடயோ பல்லக் காட்டிக்கொண்டு ரெண்டு தட்டுத் தட்டினாய். நான் விழுந்தன், செருப்பு உன்னோட ஏறிப் போயிட்டு. நில்லு நில்லு எண்டு கத்தினன். நீ கை காட்டிட்டுப் போறாய்!" சீலைய ஒரு சாணுக்குத் தூக்கி முழங்காலக் காட்டினா. தழும்பு அப்பிடியே கிடக்கு.

எனக்கு ஞாபகம் வந்திட்டு. டாட்டா காட்டினன். எனக்கு ஆரோ டாட்டா காட்டிறாங்க எண்டு நினைச்சு, நானும் காட்டினன்.

அதுக்கிடையில ரிஸ்வான் காக்கா மத்த ஆக்களோட திரும்பி வந்திட்டார். கையில ஒரு தாள். றோட்டில நெல்லுக் காயப் போடுறது எவ்வளவு ஆபத்து எண்டு எல்லா ஊரிலயும் வாசிக்கக் கொண்டு வந்தது. "தங்கச்சி, றோட்டில நெல்லு..." எண்டு தொடங்கினார்.

"காக்கா, வீட்டு வளவுக்க தண்ணி நிக்குது, எங்க போடுறது? இந்த நெல்லு இல்லாட்டி உங்கட ஆள் இப்ப தாரில கிடப்பார்."

காக்கா தாள மடிச்சுப் பையில வச்சார். சிதறின நெல்ல எல்லாருமாச் சேந்து கூட்டி அள்ளிக் குடுத்தம். காக்கா எனக்கு ஒரு ஏச்சும் ஏசல்ல. போகக்குள்ள மட்டும், "தாடை" எண்டார். ஒரே ஒரு தரம்.

அண்டைக்குப் பின்னேரம் ஸ்டாண்டில பஸ் நிக்குது. கனகண்ணன் ஒண்டும் கதைக்காம ஏறி, பின் சீட்டுக்குக் கீழ இரிந்த பெட்டிய இழுத்தார். ஏழு செருப்பையும் எடுத்துச் சீட்டில வரிசையா வச்சார். றப்பர் செருப்பு, தோல் செருப்பு, பள்ளிக்கூடப் பிள்ளைட ஒரு வெள்ளைச் சப்பாத்துக்கூட இரிந்திச்சு. விரலால ஒவ்வொண்டாத் தொட்டார்.

"வலக்கால். வலக்கால். வலக்கால்."

ஏழும் வலக்கால்.

"மறந்து விட்டுட்டுப் போறவன், மனே, வலக்கால மட்டுமா மறப்பான்?"

ஏழு பேர்ட இடக்கால் நிலத்தில இரிந்திரிக்கு, நான் ரெண்டு தட்டுத் தட்டியிருக்கன், அந்தாள் விரல ஒழுப்பியிருக்கார். நாங்க அதுக்குச் சிரிச்சிருக்கம். அந்தச் சின்னச் சப்பாத்த நான் திரும்பப் பெட்டிக்க போடல்ல. கையில வச்சுக்கொண்டு நிண்டன்.

அடுத்த நாள் அம்மாள் முன்கண்ணாடிக்குக் கீழ வந்து நடுவில இரிந்திட்டா. இடப்பக்கக் கண்ணாடி பளிச்செண்டு துடைச்சிரிக்கு. நான் செருப்பெல்லாத்தையும் ஒரு கயித்தில கோத்துப் பின் யன்னலில தொங்க விட்டன், சொந்தக்காரர் கண்டா எடுக்கட்டும் எண்டு. ஒவ்வொரு தரிப்பிலயும் தாடை தோளில முட்டித்தான் தட்டினன். சனம் விடுமா? "என்ன மனே, கழுத்துச் சுளுக்கா?" "பொம்பிள பாக்க வாறாங்களோ, இப்பிடித் திரும்பிறாய்?" நல்லாக் கேட்டன். எட்டு வருசம் நான் குடுத்தது, வட்டியோட வந்திச்சு.

சிரிக்காத ஆள் முதலாளி. பஸ் பிந்துது, அடுத்த பஸ் சனத்த அள்ளுது. மூண்டு மாசம் பொறுத்தார். ஒரு நாள் எங்கள ரெண்டு பேரையும் கூப்பிட்டு, "இது பஸ்ஸா, மாட்டு வண்டிலா? ஆரால பிந்துது? அந்த ஆள் நாளைக்கு வரத் தேவல்ல" எண்டார்.

"என்னாலதான்" எண்டன். "நான் தட்டப் பிந்திறன்."

பொய்தான். நான் தட்டினாலும், கனகண்ணன் தானும் ஒருக்காப் பாத்துட்டுத்தான் எடுப்பார். ரெண்டு பேரும் பாதி பாதி. அந்தாள், "முதலாளி, அது..." எண்டு தொடங்கினார். நான் அந்தாள்ட முதுகில ஒரு தட்டுத் தட்டினன். நிப்பாட்டிட்டார். மூண்டு பொம்பிளப் பிள்ளைகள். எனக்கு ஒரு நாய் மட்டும்தான், அதுவும் பக்கத்து வீட்டில சாப்பிடுது.

அண்டைக்கே என்ட கடைசி ஓட்டம். கரடியனாத்துக்கு இங்கால தெய்வானையக்கா கை காட்டினா. இடக்காலில பழைய செருப்பு, வலக்கால் வெறுங்கால். ஏறி, நேரே பின் யன்னலடிக்குப் போய்த் தன்ட செருப்பக் கழட்டிப் போட்டுக்கொண்டா.

"மத்தத நாலு வருசமா வச்சிருந்தீங்களா அக்கா?"

"வச்சிருந்தன்."

"நான் திருந்துவன் எண்டு தெரியும் என்ன?"

"உன்னை ஆரு நினைச்ச? செருப்பு நல்ல செருப்பு."

அடுத்த தரிப்பில இறங்கினா. ஒரு கால், ரெண்டு கால். தாடை தோளில முட்டப் பாத்துட்டு ரெண்டு தட்டினன். விரல் ஒழும்பிச்சு. பஸ் நகரல்ல. இடப்பக்கக் கண்ணாடியப் பாத்தன். அதில கனகண்ணன்ட ரெண்டு கண்ணும் தெரிஞ்சுது. எட்டு வருசம் வேலை செஞ்சும் புட்போட்டில நிண்டு நான் காணாத கண். அது தெய்வானையக்காட ரெண்டு காலையும் பாத்திச்சு, மறுகா என்னைப் பாத்திச்சு. அதுக்குப் பிறகுதான் எடுத்தார்.

சுதன், கேட்டதுக்குப் பதில் இதுதான். அந்தாள் கதவப் பாக்கல்ல, இறங்கினவங்கட ரெண்டு காலையும் பாக்கிறார். நான் இப்ப ரிஸ்வான் காக்காட கடையில சீட்டுத் தைக்கிறன், சைக்கிள் ஓட்டம் வந்தா விசிலோட கடைசி ஆளா ஓடுறன். மிச்ச ஆறு செருப்பும் கடை வாசலில கம்பியில தொங்குது. உன்ட பஸ்ஸில ஆராவது வலக்கால் செருப்பத் தேடினா, கடைக்கு அனுப்பு. சப்பாத்துக்காரப் பிள்ளைக்கு இப்ப கால் வளந்திரிக்கும், ஆனாலும் அனுப்பு.